இண்டிகேட்டர் போட்டு ஓடிய பந்தயம்

பினாங்கு விமான நிலைய வாசலில் என் சித்தி மகள் தேவி நின்றிருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் ஒரு தலைக்கவசம். ஊரிலிருந்து வரும் அக்காவுக்கு ஒரு முழம் பூவாவது வாங்கி வந்திருப்பாள் என்று நினைத்திருந்த நான், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே அந்தக் கவசத்தை மாட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஆட்டிப் பாரு அக்கா. காது நசுங்குதா?"

"நசுங்குது கண்ணு."

"அப்ப சரியாத்தான் இருக்கு."

டாக்சி வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். தேவிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தபோது பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவே பயந்த பெண் அவள். இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. விடுமுறை நாளில் கார் பந்தயம்.

பந்தயம் என்றால் தொலைக்காட்சியில் வரும் கோடீஸ்வரப் பந்தயம் இல்லை. பழைய காரை வைத்துக்கொண்டு, ஒரு பகல் முழுக்க நிற்காமல், ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் அமெச்சூர் பந்தயம். யார் வேகமாக ஓட்டினார்கள் என்பதைவிட யாருடைய கார் மாலைவரை உயிரோடிருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. தேவி, அவள் கணவர் முரளி, இரண்டு நண்பர்கள் என்று நான்கு பேர் அணி. போன மாதம் பசாரில் மீன் கடை ஈரத்தில் வழுக்கி தேவிக்கு மணிக்கட்டு உடைந்தது. நான்காவது ஓட்டுநர் இல்லாமல் அணியைச் சேர்க்க மாட்டார்கள். கட்டிய பணமும் திரும்பாது. அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

"நீ கார் ஓட்டறவதானே அக்கா? வந்து ஓட்டிக் குடு."

"நான் ஓட்டறவ இல்லை கண்ணு. ஓட்டக் கத்துக் குடுக்கறவ."

"ரெண்டும் ஒண்ணுதான் லா" என்றாள், தீவு பழக்கிவிட்ட அந்த 'லா'வோடு.

ஒன்றே இல்லை. கோயம்புத்தூரில் இருபது வருடத்துக்கும் மேலாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். அத்தனை வருடமும் என் இடம் இடப்பக்க இருக்கை. காலடியில் எனக்கென்று ஒரு தனி பிரேக். எதிரே சைக்கிள் வந்தால், மாடு வந்தால், மாணவர் பயந்தால், நான் மிதிப்பேன். என் தொழிலே மெதுவாகப் போவதுதான். இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. என் கணவரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். அம்மாவிடம் மட்டும், தேவிக்குக் கை முடியவில்லை, சமைத்துப் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உரிமம், மருத்துவச் சான்று சமாசாரங்களை எழுதினால் இந்தக் கட்டுரை அரசு அலுவலக வரிசை மாதிரி ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் மதியம் சாப்பாடு நசீர் அண்ணன் கடையில். சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில், சுவரெல்லாம் மசாலா வாசனை ஊறிப்போன கடை. அணியின் இரண்டாவது ஓட்டுநர் இவர்தான். கல்லாவிலிருந்து எழுந்து வந்து கேட்டார்:

"வாங்க தங்கச்சி. காலைல பசியாறிட்டுத்தானே ஏறுனீங்க?"

எங்கள் ஊரில் யாரும் இப்போது அப்படிக் கேட்பதில்லை. "டிபன் ஆச்சுங்களா" என்போம். கடல் தாண்டி வந்து அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே பசித்தது. சோற்றின் மேல் கோழி, கணவாய், வெண்டைக்காய் என்று வைத்து, நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார். எனக்குப் பதறிவிட்டது. நம் ஊரில் சாம்பாரும் ரசமும் இலையில் கலந்துவிட்டால் சண்டையே வரும்.

"இதுக்குப் பேரு பஞ்சிர். வெள்ளம்னு அர்த்தம். கலந்தாத்தான் இந்தச் சோத்துக்கு நாசி கண்டார்னு பேரு" என்றார். கலந்து சாப்பிட்டேன். வெள்ளத்துக்கு நான் எதிரி இல்லை என்று தெரிந்தது.

மறுநாள் காரைப் பார்க்கப் போனோம். ஆ செங் என்ற சீனருடைய பட்டறை. அணியின் மூன்றாவது ஓட்டுநர். தகரக் கூரை, தரையெல்லாம் எண்ணெய், மூலையில் ஊதுவத்தி புகையும் சிவப்பு மாடம். நடுவில் எங்கள் கார்.

அதைக் கார் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது. உள்ளூரில் தயாரான பழைய சின்னக் கார். பின் இருக்கை இல்லை, தரைவிரிப்பு இல்லை, ஏசி இல்லை, கதவின் உள்பக்கம் வெறும் தகரம். ஒரு கதவு நீலம், மற்றதெல்லாம் ஒரு காலத்தில் வெள்ளை. உள்ளே தடித்த இரும்புக் குழாய்களால் கட்டிய கூண்டு; கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க. கூண்டுக்குள் ஒரே ஒரு இருக்கை, வலப்பக்கம். இடப்பக்கம் காலியாக இருந்தது. நான் அந்தக் காலி இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காருக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன்.

முரளி சிரித்தார். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவர். எதையும் நிதானமாகச் சொல்வார். காருக்கு அங்கே காடி என்று பேர். "காடி சும்மா மாதிரிதான் அக்கா. பழைய இரும்புக்குப் போக இருந்தது. ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வெலகூட இல்ல. பந்தய விதியே அதுதான், காடி மலிவா இருக்கணும்."

"ஆனா கூண்டு மலிவு இல்ல" என்றாள் தேவி. "சீட்டு, பெல்ட்டு, தீயணைப்பு, தீப்பிடிக்காத சட்டை, எதுவும் மலிவு இல்ல. காடிய மாதிரி நாலு காடி வாங்கலாம் அந்தக் காசுக்கு. காடி மலிவு அக்கா, உயிரு மலிவில்லயே."

"டயரை விட்டுட்டியே" என்றார் முரளி. "அதுதான் சாப்பாட்டு ராமன். பிரேக் கட்டை அதுக்குத் தம்பி."

அவர்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் கதவு ஏன் கயிற்றால் கட்டியிருந்தது என்று அப்போது புரிந்தது. மூன்று வருடமாக அவர்கள் எங்கும் சுற்றுலா போகவில்லை. நசீர் அண்ணன் ஆசையாக வைத்திருந்த பெரிய மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். முரளி ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கிறார். ஆ செங் பட்டறையின் பாதி இடத்தை இந்தக் காருக்கு வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறார்; அவர் மனைவிக்கு இது இன்னும் தெரியாதாம். பரிசு? கோப்பை மட்டும்தான். காசு கிடையாது.

"இவ்வளவு செலவு பண்ணி என்னதான் கிடைக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

ஆ செங் மலாயில் ஏதோ சொன்னார். தேவி மொழிபெயர்த்தாள்: "ஒரு தடவை ஓட்டிட்டு வந்து அவங்களே சொல்லட்டும்ங்கிறாரு."

மூன்றாம் நாள் காலை முரளியும் ஆ செங்கும் காரை லாரியில் ஏற்றிப் பாலம் வழியாகப் பெருநிலத்துக்குப் போய்விட்டார்கள். மழைக்கான நான்கு சக்கரங்கள் மட்டும் பாக்கி. அவற்றை நசீர் அண்ணன் வேனில் ஏற்றிக்கொண்டு நாங்கள் பின்னால் போவதாக ஏற்பாடு. வேன் சூலியா தெருவின் நடுவில் இருமிவிட்டு நின்றது. பின்னால் பால் வண்டி, அதன் பின்னால் சுற்றுலாப் பயணிகளின் ரிக்‌ஷா, அதன் பின்னால் தெருவே ஹாரன் அடித்தது.

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தார் நசீர் அண்ணன். பிறகு கடைக்கு ஓடி, அரிசி மூட்டை தள்ளும் வண்டியை எடுத்து வந்தார். நான்கு சக்கரங்களையும் அதில் அடுக்கிக் கட்டினார். "இந்தத் தெரு நேரா போய் முடியிற எடத்துல ஃபெரி. நீங்க தள்ளிட்டுப் போங்க. வேன எழுப்பிட்டு நான் பாலத்துல வந்து சேர்ந்துக்கறேன்."

நான் தள்ள, ஒற்றைக் கையால் தேவி பிடித்துக்கொள்ள, பணமாற்றுக் கடைகளையும் பழைய விடுதிகளையும் தாண்டிக் கடலை நோக்கிப் போனோம். படகுத்துறைக் காவலர் சக்கரங்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பயணிகள் வழியா, மோட்டார் சைக்கிள்கள் வழியா என்று அவருக்குக் குழப்பம். கடைசியில், சக்கரம் இருப்பதால் மோட்டார் சைக்கிள்கள் பக்கமே போகச் சொன்னார்.

படகில் ஒரு சீனப் பெரியவர் எங்கள் பக்கம் வந்து நின்றார். வெகுநேரம் சக்கரங்களையே பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்: "மீதிக் கார் எங்கே?"

"அக்கரையில்" என்றாள் தேவி.

திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஒருபுறம் துறைமுகத்தின் பளுதூக்கிகள், மறுபுறம் பின்வாங்கும் ஜார்ஜ் டவுன், முகத்தில் உப்புக் காற்று. அந்தச் சில நிமிடங்கள் நான் பந்தயத்தை மறந்திருந்தேன். பட்டர்வொர்த் கரையில் முரளி லாரியோடு நின்றதைப் பார்த்ததும் அது திரும்பி வந்தது.

பந்தயப் பாதை எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. சின்னப் பாதை, ஆனால் திருப்பங்களுக்குக் குறைவில்லை. ஒரு மேடு, அதைத் தாண்டி நீண்ட இறக்கம். அன்று மதியம் பயிற்சி ஓட்டம். தீப்பிடிக்காத உடையை மாட்டியதுமே பாதி உயிர் போனது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டது மாதிரி இருந்தது. இருக்கையில் என்னை வைத்து ஐந்து பட்டை பெல்ட்டால் முரளி இறுக்கிக் கட்டினார். மூச்சு மேலாகத்தான் வந்தது.

ஓட்டினேன். என் இடது கால் இல்லாத பிரேக்கைத் தேடியது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் கண்ணாடி பார்த்தேன், வேகம் குறைத்தேன், கியர் மாற்றினேன். மற்ற கார்கள் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு போயின. எனக்கு எதிலும் குறை வைத்ததாகத் தோன்றவில்லை. ஆனால் கறுப்புக் கொடி காட்டி என்னை உள்ளே வரச் சொன்னார்கள்.

பாதுகாப்பு அதிகாரி, தலையில் முக்காடிட்ட மலாய்ப் பெண்மணி, ஜன்னலில் குனிந்து ஆங்கிலத்தில் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "அம்மா, இரண்டு விஷயம். ஒன்று, தயவுசெய்து வேகமாகப் போங்கள். இப்படிப் போவது பின்னால் வருபவர்களுக்கு ஆபத்து. இரண்டாவது, ஒவ்வொரு திருப்பத்திலும் நீங்கள் இண்டிகேட்டர் போடுகிறீர்கள்."

எனக்கே தெரியவில்லை. கை பாட்டுக்குப் போட்டிருக்கிறது. பக்கத்து அணிக்காரர்கள் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நசீர் அண்ணன்கூடத் திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. தேவி மட்டும் சிரிக்கவில்லை.

குறைந்தபட்ச வேகம் என்று ஒன்று உண்டு. அதை எட்டாவிட்டால் மறுநாள் என்னை ஓட்ட விடமாட்டார்கள். நான் இல்லையென்றால் அணி இல்லை. இன்னும் ஒரு வாய்ப்பு தந்தார்கள்.

தேவி ஜன்னலருகே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அது என் சீட்டு அக்கா" என்றாள். "மூணு வருஷமா அதுல உக்காரத்தான் எல்லாத்தையும் விட்டேன். நீ பயந்து பயந்து ஓட்டறதப் பாத்தா எனக்கு இந்தக் கையவிட அதிகமா வலிக்குது. உனக்கு ஓட்டத் தெரியும். நான் பாத்திருக்கேன். மருதமலை ரோட்டுல, உங்கிட்ட கத்துக்க வந்த பையன் ஸ்டியரிங்க விட்டப்ப நீ எப்படித் திருப்புன? அப்ப யாரக் கேட்டுத் திருப்புன?"

நான் கவசத்தின் பட்டையை மறுபடி இறுக்கினேன்.

"முன்னாடி போற காடியப் பாக்காத. பின்னாடி வர்றதையும் பாக்காத. அடுத்த வளைவ மட்டும் பாரு. பக்கத்துல கத்துக்கறவங்க யாரும் இல்ல. நீ மட்டும்தான்."

இரண்டாம் முறை போனேன். மேட்டின் உச்சியில் ஆக்சிலரேட்டரிலிருந்து வழக்கமாக எடுக்கும் காலை எடுக்கவில்லை. கார் லேசாகி, இறக்கத்தில் விழுந்து, வளைவில் நான் பார்த்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. எனக்குள் ஏதோ கழன்று விழுந்தது. பெட்டிக்குள் வருடக்கணக்கில் மடித்து வைத்த பட்டுப்புடவையை எடுத்து உதறின மாதிரி. கவசத்துக்குள் நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கிய பிறகுதான் தெரிந்தது, தொண்டை கட்டியிருந்தது.

அதிகாரி கட்டைவிரலை உயர்த்தினார். "இண்டிகேட்டரும் இரண்டே தடவைதான்" என்றார்.

பந்தய நாள். இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் வரிசையில் நின்றன. ஒன்றுகூடப் புதிதில்லை. ஒரு காரின் கூரையில் பிளாஸ்டிக் சுறா. இன்னொன்றை முழுக்கப் பூப்போட்ட துணி ஒட்டி அலங்கரித்திருந்தார்கள். ஓட்டுநர்களில் பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒரு பல் மருத்துவர் இருந்தார், காய்கறி வியாபாரி இருந்தார். இட்லிக் கடையில் பக்கத்து மேசையில் உட்காரும் மனிதர்கள்தான் எல்லோரும். கொடி அசைந்ததும் அவர்கள் வேறு ஆட்களானார்கள்.

முதலில் முரளி. நிதானமாக ஓட்டி, நடுவரிசைக்குக் காரைக் கொண்டு வந்தார். அடுத்து நசீர் அண்ணன். கல்லாவில் உட்கார்ந்து எல்லோருக்கும் தலையாட்டும் அந்தச் சாதுவான மனிதர், பாதையில் யாருக்கும் வழிவிடவில்லை. எத்தனையாவது இடம் என்று தேவி இடது கையால் பலகையில் எழுதி, ஒவ்வொரு சுற்றுக்கும் தூக்கிக் காட்டினாள். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் ஒரு சுற்றைக்கூட அவள் தவறவிடவில்லை.

மூன்றாவது நான். நான் ஏறிக் கொஞ்ச நேரத்தில் செம்பனைக்கு மேலே வானம் கறுத்தது. பிறகு அருவியைத் திறந்துவிட்ட மாதிரி மழை. உடனே என்னை உள்ளே அழைத்துப் படகில் வந்த சக்கரங்களை மாற்றினார்கள். ஆ செங் கதவைத் தட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அக்கா, மெதுவா. ஆனா நிக்காதே."

அது எனக்குத் தெரிந்த வேலை. அவிநாசி சாலையில் ஐப்பசி மழையில், முதல் நாள் வண்டியைத் தொட்ட ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவள் நான். பிரேக்கை விரலால் தொடுவது மாதிரித் தொட்டேன். ஸ்டியரிங்கை வெட்டவில்லை. சுறாக் கார் புல்வெளியில் சுழன்று நின்றதைக் கடந்தேன். பூப்போட்ட கார் சேற்றில் புதைந்திருந்தது. என்னைப் பயிற்சியில் பார்த்துச் சிரித்தவர்களின் கார் பழைய டயர்களை அடுக்கிய தடுப்புச் சுவரில் மூக்கை வைத்திருந்தது. நான் சிரிக்கவில்லை, எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வேகமான கார் பின்னால் வந்தால், ஓரம் ஒதுங்கி இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டேன். இந்த முறை வேண்டுமென்றேதான் போட்டேன். அவர்களும் விளக்கை ஒருமுறை மினுக்கிவிட்டுப் போனார்கள்.

என் முறை முடிந்து இறங்கினேன். தேவி என் கவசத்தைக் கழற்றி, முகத்தில் தண்ணீர் ஊற்றினாள். "எட்டாவது எடம்" என்றாள். "நாங்க இதுவரைக்கும் எட்டுல வந்ததே இல்ல அக்கா."

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசி முறை ஆ செங்குடையது. மழை விட்டு வெயில் கொளுத்தியது. பந்தயம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்ற நிலையில், ஒரு கார் கட்டுப்பாடு இழந்து எங்கள் காரின் மூக்கில் இடித்தது. ஆ செங் ஆவி பறக்க உள்ளே வந்தார். ரேடியேட்டர் பிளந்திருந்தது. அவருக்கே வெக்கையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினோம்.

முரளி குனிந்து பார்த்தார். பசை வைத்து அடைத்தார், கம்பியால் கட்டினார், தண்ணீர் ஊற்றினார். ஊற்றியதில் பாதி தரையில் ஓடியது. நேரமும் ஓடியது. எட்டாவது இடம் போனது, பத்தாவது போனது, பிறகு தேவி பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"போதும்" என்றார் முரளி. "இத்தோட ஓட்டுனா எஞ்சின் செத்துரும். அடுத்த வருஷம் காடியே இருக்காது."

விதி இதுதான்: கொடி விழும்போது கார் தன் சக்தியில் ஓடிக் கோட்டைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் காலையிலிருந்து ஓடிய அத்தனை சுற்றும் கணக்கில் இருக்கும், ஆனால் முடித்தவர்கள் பட்டியலில் பெயர் இருக்காது. போன இரண்டு வருடமும் அவர்கள் முடிக்கவில்லை.

தேவிதான் பேசினாள். "ஒரு சுத்து. கடைசி ஒரே ஒரு சுத்து. அது வரைக்கும் நிறுத்தி ஆறவிடுவோம். எஞ்சின நோகடிக்காம யாராவது ஓட்டிட்டு வந்தா போதும்."

முரளியும் நசீர் அண்ணனும் ஓர் ஆளுக்கு விதி அனுமதிக்கும் நேரம் முழுக்க ஓட்டிவிட்டார்கள். ஆ செங் காலை நீட்டிப் படுத்திருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னால எஞ்சின் போயிருச்சுன்னா?" என்று முரளியிடம் கேட்டேன்.

அவர் காரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "போனா போகட்டும் அக்கா. ஓட்டத்தானே வாங்கினோம்" என்றார்.

கடைசிச் சுற்றுக்குக் காரைக் கிளப்பினேன். வெப்பமானி முள் எழுந்து நின்றது. முதல் வளைவிலேயே மேல் கியருக்குப் போய், ஆக்சிலரேட்டரை முட்டை மேல் கால் வைத்த மாதிரி வைத்தேன். எல்லாக் கார்களும் என்னைத் தாண்டிப் போயின. மேட்டில் ஏறும்போது முள் சிவப்புக்குள் போனது. எஞ்சின் தட்டத் தொடங்கியது. ஏறு கண்ணு, ஏறு கண்ணு என்று அந்த இரும்போடு பேசினேன். உச்சியைத் தொட்டதும் காலை முழுக்க எடுத்து, நியூட்ரலுக்கு மாற்றி, இறக்கத்தில் அப்படியே உருள விட்டேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் யாராவது நியூட்ரலில் இப்படி இறங்கியிருந்தால் வண்டியை விட்டே இறக்கியிருப்பேன்.

பாதையோரம் கொடியோடு நின்ற தன்னார்வலர்கள் ஒவ்வொரு முனையிலும் எழுந்து நின்றார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. ஏதோ எச்சரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி வளைவில் ஆவி கண்ணாடியை மறைத்தது. பக்க ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எஞ்சின் இரண்டு முறை குமுறியது. மூன்றாவது குமுறலில் நின்றது. ஆனால் அதற்குள் கோடு எனக்குப் பின்னால் இருந்தது.

நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் தேவி ஓடி வந்துவிட்டாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். கதவைத் திறந்து, "எறங்கு அக்கா" என்றாள். இறங்கினேன். அவள் கூண்டுக்குள் நுழைந்து, மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். ஆவி அவளைச் சுற்றிப் பறந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்துத் தலையை வெளியே நீட்டி, "சீட்டு இன்னும் சூடா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

மறுநாள் காலை அம்மாவின் போன். யாரோ எடுத்த காணொளி எங்கள் தெருவரைக்கும் போய்விட்டது.

"சமைக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனவ, ஆவி பறக்குற வண்டியில என்னடி பண்ற?"

நான் விளக்கத் தொடங்கினேன். அம்மா குறுக்கிட்டாள். "அதெல்லாம் இருக்கட்டும். கொஞ்சம் வேகமாப் போயிருக்கக் கூடாதா? எல்லாரும் உன்னத் தாண்டிப் போறாங்களே!"

மதியம் எல்லோரும் நசீர் அண்ணன் கடையில் கூடினோம். கையிரண்டும் கன்றியிருந்ததால் எனக்குக் கோழியைப் பிய்க்கவே முடியவில்லை. தோளில் பெல்ட் பதித்த தடம் எரிந்தது. முரளி, எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஆ செங்கோடு பேசிக்கொண்டிருந்தார். துக்கம் விசாரிக்கிற குரல் இல்லை அது. கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதைப் பற்றிப் பேசுகிற குரல்.

அப்போது எதிர்வரிசைப் பணமாற்றுக் கடை ஹாஜியார் உள்ளே வந்தார். இரும்புக் கூண்டுக்கு இந்த வருடம் ஒரு பங்கு கொடுத்தவர் அவர். அதற்குப் பதிலாகக் காரின் பின்பக்கத்தில் அவர் கடைப் பெயரைச் சின்னதாக எழுதியிருந்தார்கள். வந்தவர் உட்காரவில்லை.

"எத்தனாவது வந்தீங்க?" என்றார்.

முரளி வாயைத் திறப்பதற்குள் தேவி எழுந்து நின்றாள்.

"கடைசி, ஹாஜியார்!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலில் ஒளிவுமறைவு இல்லை.

"கெளம்புனதுல எட்டுக் காடி பாதியிலயே படுத்துருச்சு. மிச்சம் முடிச்சதுல நாங்க கடைசி."

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"எங் கடைப் பேரு கோட்டத் தாண்டுச்சா?"

"தாண்டுச்சு."

"சரி. அடுத்த வருஷம் கொஞ்சம் பெருசா எழுதுங்க லா" என்றார்.